தமிழ்க் குறுக்கெழுத்தும் கம்ப்யூட்டர் போடும் கணக்கும்

ஆவடியில் மின்சார ரயில் ஏறியதும் பேப்பரை நான்காக மடித்து, பேனாவைத் திறந்து, குறுக்கெழுத்துப் புதிரில் இறங்கிவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வில்லிவாக்கம் வந்தும் ஒரு சொல் சிக்கவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்துகொள்வார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் இந்தப் பொழுதுபோக்கை அதிலும் தொடரலாம். ஆனால் தமிழ்ப் புதிர் என்றால் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால், சரியான விடையையே தவறு என்று நினைத்து அழித்துவிடுவீர்கள்.

எங்கிருந்து வந்தது?

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் முதல் புதிரை அமைத்தார். சென்னையின் தி ஹிந்து நாளிதழில் 1971ல் குறுக்கெழுத்து தொடங்கியபோது அதை அமைத்துத் தந்தவர், கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த முதல் இந்தியரான அட்மிரல் கட்டாரி. தமிழ் வார இதழ்களில் இது ஒரு காலத்தில் பரிசுப் போட்டியாகக் கொடிகட்டிப் பறந்தது. இத்தகைய போட்டிகளுக்குக் கடிவாளம் போட 1955ல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

ஒரு புதிர் பார்ப்போமா?

"புயலுக்குள் தை மாதம் நுழைந்தால் மண்ணில் மறைந்த செல்வம் கிடைக்கும் (4)." வானிலையையும் காலண்டரையும் மறந்துவிடுங்கள். "புயல்" என்ற சொல்லுக்கு நடுவே "தை" என்ற எழுத்தைச் செருகுங்கள். "புதையல்" வந்துவிட்டதா? அடைப்புக்குள் உள்ள 4 என்பது எழுத்துகளின் எண்ணிக்கை: பு, தை, ய, ல். குறிப்பு ஒரு பக்கம் இழுக்க, விடை இன்னொரு பக்கம் ஒளிந்திருப்பதுதான் இந்த விளையாட்டின் சுகம்.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?

இப்போது எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, ஏ1 செல்லில் "புதையல்" என யுனிகோட் தமிழில் டைப் செய்திடுங்கள். பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, எல், இ, என் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, அடைப்புக்குள் ஏ1 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். விடை 4 அல்ல, 7!

இதில் கம்ப்யூட்டரின் தவறு எதுவும் இல்லை. யுனிகோடில் "பு" என்பது ஒரே குறியீடு அல்ல. "ப" ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. "தை" என்பதும் அப்படியே. "ல்" என்பதில் புள்ளி தனியாக எண்ணப்படுகிறது. "ய" மட்டும்தான் ஒற்றைக் குறியீடு. எனவே 2+2+1+2=7. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட புதிர் புரோகிராம்களில் கட்டங்களின் எண்ணிக்கை பொருந்தாது. "கோ" போன்ற எழுத்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புரோகிராமோ ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடலாம். அப்போது உங்கள் தமிழறிவைச் சந்தேகிக்காதீர்கள். அந்த எழுத்தை அழித்து, வேறு கீபோர்டு முறையில் மீண்டும் டைப் செய்து பாருங்கள்.

நீங்களே அமைக்கலாம்

எக்ஸெல்லில் சில நெடுவரிசைகளைத் தேர்வு செய்து, தலைப்பில் உள்ள எல்லைக்கோட்டை மவுஸால் இழுத்து அகலம் 40 பிக்ஸல் ஆக்குங்கள். வரிசைகளின் உயரத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தால் சதுரக் கட்டங்கள் தயார். வேண்டாத கட்டங்களுக்குக் கறுப்பு நிறம் கொடுங்கள். ஒரு செல்லுக்கு ஒரு தமிழ் எழுத்து என டைப் செய்தால், உள்ளே எத்தனை குறியீடுகள் இருந்தாலும் கவலையில்லை.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான், தமிழில் 247. இரு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் "ம" இருந்தால் இரண்டிலும் "ம" தான் வர வேண்டும்; "ம்" உதவாது. அதனால் தமிழில் புதிர் அமைப்பது கடினம். விடுவிப்பவருக்கோ இதில் ஒரு துப்பு கிடைக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஆகவே ஒரு கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறது என்றால், அங்கே மெய்யெழுத்து வராது.

தீராத வழக்குகள்

"தமிழ்ப்பாடம்" என்பதில் நடுவே வரும் "ப்" கணக்கில் உண்டா? உண்டு என்றால் ஏழு கட்டம், இல்லை என்றால் ஆறு. "க்ஷ" ஒரு எழுத்தா, இரண்டா? இவற்றையெல்லாம் புதிர் அமைப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாங்குகிற திட்டில் பாதி குறையும்.

கடைசியாக ஒன்று. விடை தெரியவில்லை என்றதும் இன்டர்நெட்டில் தேட கை துறுதுறுக்கும். பொருள் புரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் விடையையே தேடி எடுத்தால் கட்டம் நிரம்பும், மனசு நிரம்பாது. இன்றைக்கு அப்படியே விட்டுவைத்து, நாளைக் காலையில் திரும்பப் பாருங்களேன். ராத்திரி முழுக்க ஒளிந்திருந்த சொல் தானாக வந்து நிற்கும்.