லிலிப்புட்டியன்: அற்பம் எது, யார் செய்தது?

ஆங்கிலப் பத்திரிகைகளின் அரசியல் பத்திகளை வாசிப்போர் 'லிலிப்புட்டியன்' என்ற சொல்லை அவ்வப்போது சந்தித்திருப்பர். 'மிகச் சிறிய', 'அற்பமான' என இரு பொருள்களை அகராதிகள் அதற்குத் தருகின்றன. உருவத்தின் சிறுமையையும் உள்ளத்தின் சிறுமையையும் ஒரே சொல் சுட்டலாயிற்று எவ்வாறு என்பதை அறிய, நாம் 1726ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும்.

டப்ளின் நகரின் புனித பற்றிக் பேராலயத் தலைமைக் குருவாக விளங்கிய ஜொனதன் ஸ்விப்ட் எழுதிய 'கலிவரின் யாத்திரைகள்' அவ்வாண்டிலேயே இலண்டனில் வெளியாயிற்று. கப்பல் உடைந்து கரையொதுங்கும் வைத்தியர் கலிவர், லிலிப்புட் என்ற நாட்டில் கண்விழிக்கிறார். அந்நாட்டு மக்களின் உயரம் ஆறு அங்குலத்துக்கும் குறைவு. அந்நாட்டின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது.

சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் இவ்விநோதத்தைக் காட்டுவதுடன் நின்றுவிடுகின்றன. ஸ்விப்ட்டின் நோக்கமோ வேறு. லிலிப்புட் மக்கள் முட்டையைப் பெரிய முனையில் உடைத்து உண்பதே தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஒருநாள் இளவரசன் ஒருவன் அவ்வாறு உடைக்கையில் விரலில் காயம்பட்டது. உடனே அவனது தந்தையான பேரரசர், குடிமக்கள் அனைவரும் சிறிய முனையிலேயே உடைக்க வேண்டும், தவறினால் கடுந்தண்டனை எனக் கட்டளை பிறப்பித்தார். கலகங்கள் மூண்டன. பணிவதிலும் சாவதே மேல் என 11,000 பேர் மாண்டனர். அகதிகளானோர் கடலுக்கு அப்பாலுள்ள பிளெஃபஸ்கு நாட்டில் தஞ்சமடைய, இரு நாடுகளுக்குமிடையே போர் தொடர்ந்தது. அவர்களது வேதநூலோ, வசதியான முனையில் உடைக்கும்படி மட்டுமே கூறியிருந்தது!

இங்கிலாந்தின் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து பிணக்கையும் பிரான்ஸுடனான போர்களையுமே ஸ்விப்ட் இவ்வாறு எள்ளி நகையாடினார் என்பது ஆய்வாளர் கருத்து.

எனவே, இச்சொல்லைக் கையாள்வோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. 'இது அற்ப விடயம், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' எனப் பிறரின் மனக்குறையைத் தட்டிக்கழிக்க இச்சொல் எளிதில் உதவும். ஆனால் கதையை ஊன்றி வாசித்தால், பழைய வழக்கப்படி முட்டை உடைத்தவர்கள் எவருக்கும் தீங்கிழைத்ததாகத் தெரியவில்லை. ஒரு சிறுவனின் விரற்காயத்தை நாட்டின் சட்டமாக்கிய அதிகாரமே அங்கு அற்பமானது.

முட்டை சிறியதுதான். அதனை எவ்வாறு உடைப்பது என்பதை உண்பவரே தீர்மானிக்கும் உரிமை சிறியதன்று.