வயிற்றுச் சுவரில் ஓட்டை

சென்னையில் ஹவுரா மெயில் ஏறினால் கடைசியாக இறங்கும் ஊர் ஹவுரா. மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் கொல்கத்தா. ஹவுரா ரயில் நிலையத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நடைமேடைகள் உண்டு. சிவப்புச் சட்டை போர்ட்டர்கள் தலையில் பெட்டி, தோளில் பை என்று சுமந்து ஓடுவார்கள். ஊருக்குள் சணல் ஆலைகள், இரும்பு வார்க்கும் பட்டறைகள். எங்கும் பாரம் தூக்கும் வேலைதான்.

பாரம் தூக்குகிறவர்களை வாட்டும் ஒரு நோய் குடலிறக்கம். ஆஸ்பத்திரியில் இதை ஹெர்னியா என்பார்கள். ஹவுரா போர்ட்டருக்கும் வரும். நம் ஊரில் மூட்டை தூக்குகிறவருக்கும் வரும்.

ஹெர்னியா என்றால் என்ன? வயிற்றின் முன்பக்கம் தசையால் ஆன ஒரு சுவர் இருக்கிறது. அதுதான் குடலை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சுவரில் ஓர் இடம் தளர்ந்து ஓட்டை விழுகிறது. பழைய சைக்கிள் டயர் கிழிந்தால் உள்ளே இருக்கும் டியூப் வெளியே புடைக்கும் அல்லவா? அதுபோலக் குடல் பிதுங்கித் தோலுக்கு அடியில் வந்து நிற்கும். நின்றால், இருமினால் வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும்.

இது தொடை இடுக்கில்தான் அதிகம் வருகிறது. தொப்புளிலும் வரும். பழைய ஆபரேஷன் தழும்பிலும் வரும். வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்த பெண்கள் சிலருக்கு இப்படி ஆகிறது. பாரம் மட்டுமே காரணம் இல்லை. பீடி குடித்து ஓயாமல் இருமுவது, மலச்சிக்கலில் முக்குவது, இவையும் சுவரைத் தளர்த்தும்.

பலர் இதை யாரிடமும் சொல்வதில்லை. இடம் அப்படி. வெட்கப்பட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சிலர் பெல்ட் வாங்கிப் போடுகிறார்கள். பெல்ட் வீக்கத்தை அமுக்கும். ஓட்டையை அடைக்காது. மாத்திரையும் அடைக்காது, மந்திரித்த கயிறும் அடைக்காது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

ஒரு நாள் வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிடலாம். வலி கூடும். வாந்தி வரும். காற்றும் மலமும் பிரியாது. ஓட்டைக்குள் குடல் நெரிபட்டுவிட்டது என்று அர்த்தம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். உயிர் போகும் ஆபத்து இது. தேய்க்கக் கூடாது, பலமாக அமுக்கக் கூடாது. இரவானாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆபரேஷன் இரண்டு விதம். ஒன்று, தோலைக் கிழித்துச் செய்வது. இன்னொன்று, சிறு துளைகள் வழியாகச் செய்வது. இதற்கு லேப்ராஸ்கோப்பி என்று பெயர். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று துளைகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நுழையும் அளவு, அல்லது அதைவிடச் சிறியது. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். உள்ளே கருவிகள் வேலை செய்ய இடம் கிடைக்கிறது. ஒரு துளையில் விளக்கும் கேமராவும் உள்ள குழாய். மற்ற துளைகளில் நீண்ட, மெல்லிய கருவிகள். டாக்டர் டிவி பார்த்தபடியே வேலை செய்கிறார்! குடலை உள்ளே இழுத்து, ஓட்டையின் மேல் ஒரு வலையை விரித்துப் பொருத்துகிறார். வலையோடு தசை வளர்ந்து சேர்ந்துகொள்ளும்.

இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். நம் கோவையில் இந்த முறையை வளர்த்தவர் டாக்டர் சி. பழனிவேலு. அவர் சிறு வயதில் மலேசியாவில் தோட்டக் கூலியாக இருந்தவர். ஊர் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து டாக்டர் ஆனார்.

அந்த வலைக்கும் ஒரு கதை உண்டு. கடையில் வரும் வலை விலை அதிகம். மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிறிய ஊர் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். கிழித்துச் செய்யும் ஆபரேஷனில்தான். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் சுமார் 300 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. விலை உயர்ந்த வலைக்கும் கொசுவலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெய்கிறவர்களுக்கு இது பெருமைதானே!

துளை ஆபரேஷனில் வலி குறைவு. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் முழு மயக்கம் தாங்காது. கிழித்து வலை வைப்பதும் நல்ல ஆபரேஷன்தான். எது ஏற்றது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கூலிக்காரருக்கு இன்னொரு கவலை உண்டு. படுத்தால் அன்றைய கூலி போச்சு. ஆபரேஷனைத் தள்ளிப்போட இதுவே பெரிய காரணம். துளை முறையில் ஒன்றிரண்டு வாரத்தில் இலேசான வேலைக்குப் போகலாம். பாரம் தூக்க மட்டும் டாக்டர் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் வேலை குறைந்த மாதமாகப் பார்த்து நாள் குறிப்பது நல்லது. மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவையுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஹெர்னியா ஆபரேஷன் செய்கிறார்கள். காப்பீட்டு அட்டை இருந்தால், அதையும் ரேஷன் கார்டையும் கையோடு கொண்டு போங்கள்.