தமிழ் வழியாக ஜப்பானிய மொழி!
(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



நம்ம புதுச்சேரிக்கு அந்நிய மொழி ஒன்றும் புதுசு கிடையாது. வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்று தினமும் சொல்கிறோமே, அந்தக் ‘கொம்யூன்’ பிரெஞ்சுச் சொல்தான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை ‘சொல்தா’ என்று நம் பெரியவர்கள் கூப்பிட்டதும் அப்படித்தான். நடவுக்கும் அறுப்புக்கும் போன நம்ம வீட்டு ஆட்கள் பள்ளிக்கூடம் போகாமலே அந்நியச் சொற்களைப் பேசியிருக்கிறார்கள். அப்படியிருக்க, டிப்ளமோ படிக்கும் நமக்கு ஜப்பானிய மொழி மட்டும் எட்டாக்கனியா?

ஜப்பானிய மொழி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பாடப் புத்தகத்தில் வரும் ‘ஐந்து எஸ்’ எல்லாமே ஜப்பானியச் சொற்கள். செய்ரி என்றால் வேண்டாததைப் பிரித்து எடு, செய்டோன் என்றால் ஒழுங்காக அடுக்கு, செய்ஸோ என்றால் சுத்தம் செய், செய்கெட்ஸு என்றால் அதை நிலையாகக் கடைப்பிடி, ஷிட்ஸுகே என்றால் பழக்கமாக்கு. கைஸன், கான்பான், போகா-யோகே எல்லாம் அதே ஊர்ச் சரக்குதான். ஒரகடத்தில் கோமட்சு, வல்லம் வடகாலில் யமஹா என்று ஜப்பானியத் தொழிற்சாலைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. போதாததற்கு, இந்தியத் தொழிலாளர்களைக் குறிப்பிட்ட திறன் வேலைகளுக்கு எடுத்துக்கொள்ள 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

சரி, எங்கே படிப்பது? நேரடி வகுப்பு வேண்டுமென்றால் டவுனுக்கோ சென்னைக்கோ போகணும். பஸ் சார்ஜ், ஃபீஸ், தங்கும் செலவு என்று கூலி வேலை செய்யும் அப்பாவிடம் கேட்க நமக்கு மனசு வருமா? இப்போது நம் கையில் இருக்கும் போனிலேயே முதல் இரண்டு படிகளை ஏறிவிடலாம், காசு செலவில்லாமல்! ஆனால் ஒரு சிக்கல். இணையத்தில் கிடைக்கும் நல்ல பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ் மீடியத்தில் படித்து வந்த நாம் அதைப் பார்த்ததும், “இது கான்வென்ட் பிள்ளைகள் சமாச்சாரம்” என்று மூடிவிடுகிறோம். உண்மையில் நிலைமை நேர் எதிர்! ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலத்தை விடத் தமிழ்தான் கிட்டத்தில் உள்ள வாசல்.

தமிழும் ஜப்பானியமும்

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்.

“வில்லியனூர் கரா, பாகூர் மாடே, பஸு டே இகிமாஸு.”

கரா என்றால் ‘இருந்து’, மாடே என்றால் ‘வரை’, டே என்றால் ‘இல்’, இகிமாஸு என்றால் ‘போகிறேன்’. ‘வில்லியனூரிலிருந்து பாகூர் வரை பஸ்ஸில் போகிறேன்’ என்று ஒரு சொல் கூட இடம் மாறாமல் அப்படியே தமிழ்! ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், எல்லாம் தலைகீழாகிவிடும். நம் வேற்றுமை உருபுகள் மாதிரியே அங்கேயும் பெயருக்குப் பின்னால் ஒட்டுகள் வருகின்றன. ‘ஐ’க்கு ஓ, ‘கு’வுக்கு நி, ‘நானும்’ என்பதில் வரும் ‘உம்’முக்கு மோ. கேள்வி கேட்க நாம் கடைசியில் ‘ஆ’ சேர்க்கிறோம், அவர்கள் ‘கா’ சேர்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் வேடிக்கை உண்டு. ‘படித்துப் பார்’ என்பதற்கு ‘யொன்டே மிரு’. யொன்டே என்றால் படித்து, மிரு என்றால் பார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் “போறேன்” என்று சொல்வதில்லை, “போயிட்டு வரேன்” என்கிறோம். ஜப்பானியரும் “இத்தெகிமாஸு” என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்றே பொருள்!

உச்சரிப்பும் நமக்குச் சாதகம். அ, இ, உ, எ, ஒ என்று ஐந்தே உயிர், அதற்கு நெடில். ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. குறில் நெடில் தெரியாத வெள்ளைக்காரர் இதில் தடுமாறுவார், நமக்கு இது ஒன்றாம் வகுப்புப் பாடம். எழுத்து வரிசை கூட கா, சா, தா, நா, ஹா, மா, யா, ரா, வா என்றுதான் போகிறது. ‘ஹா’ ஒரு காலத்தில் ‘பா’ என்று ஒலித்தது. புத்த மதத்தோடு போன சமஸ்கிருத எழுத்து முறையைப் பார்த்து அமைத்த வரிசை அது.

சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய மொழி அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே பல நூல்கள் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப் போவது நமக்கு லாபம்தானே?

எதை, எந்த வரிசையில் படிப்பது?

1. எழுத்து: ஹிராகானா 46, கதகானா 46. தினம் 5 எழுத்து வீதம் எழுதிப் பழகினால் மூன்று வாரத்துக்குள் இரண்டும் முடியும். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியே காலம் தள்ள வேண்டாம். நம் ‘க’ ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்கும். ஜப்பானியத்தில் அந்த ஒலி மாறினால் ‘சாவி’ என்ற சொல் ஒரு பழத்தின் பெயராகிவிடும்!

2. பாடநூல்: ஜப்பான் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட ‘இரோடோரி’. மொத்தம் மூன்று புத்தகம், ஒவ்வொன்றிலும் 18 பாடம். புத்தகமும் ஒலிப்பதிவும் இலவசம். ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே எழுதப்பட்டதால் கடை, பஸ், வேலை இடம் என்று அன்றாட விஷயங்களாக இருக்கும். வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு டேட்டா தேவையில்லை. அதே அமைப்பின் ‘மினாட்டோ’ தளத்தில் பதிவு செய்து தனியாகப் படிக்கும் பாடங்களும் உண்டு.

3. காது: ஜப்பானிய வானொலி நிறுவனமான என்.எச்.கே. தயாரித்த ‘ஈஸி ஜாப்பனீஸ்’ தொடர். 48 பாடம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். காலேஜ் பஸ்ஸில் வரும்போதே ஒரு பாடம் முடிந்துவிடும்.

4. அகராதி: ‘ஜிஷோ’ என்ற தளம். தெரியாத எழுத்தை விரலால் வரைந்தாலே பொருள் காட்டும். ஆஸ்திரேலியாவில் ஜிம் பிரீன் என்பவர் 1991-இல் தொடங்கி இலவசமாக வளர்த்த அகராதிதான் அதற்கு அடிப்படை.

5. ஞாபகம்: ‘அங்கி’ என்ற மென்பொருள். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்டது. ஒரு சொல்லை மறக்கப் போகிற சமயம் பார்த்து மறுபடி கேட்கும். தெரிந்ததைத் தள்ளித் தள்ளி, தெரியாததை அடிக்கடி கேட்கும். ஆண்ட்ராய்டு போனில் காசு கிடையாது. தினம் 10 சொல் போதும்.

இவற்றோடு நாம் சேர்க்க வேண்டியது ஒரு 80 பக்க நோட்டு. ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்தின் கீழேயும் ஆங்கில அர்த்தம் எழுதாமல் சொல்லுக்குச் சொல் தமிழ் எழுதுங்கள். இலக்கணம் தானாகப் புரியும்.

கஷ்டம் எங்கே?

முதல் கஷ்டம் காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த பட எழுத்து. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. பயப்படாதீர்கள், ஆரம்பத் தேர்வுக்குச் சில நூறே போதும். இரண்டாவது, போன் நம்மைப் பேச வைக்காது. அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். ஹாஸ்டலில் இரண்டு பேர் சேர்ந்து தினம் கால் மணி நேரம் பேசுங்கள்.

தேர்வுகள்

ஜே.எல்.பி.டி. தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையிலும் மையம் உண்டு. ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோஸோகாய் என்ற அமைப்பு அங்கே வகுப்பும் நடத்துகிறது. தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள், என்5 எளிது. என்4 தேற 180-க்கு 90 வேண்டும். ஆனால் கேட்டல் பகுதியில் மட்டும் 60-க்கு 19 வாங்காவிட்டால் மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் ஃபெயில்தான். அதனால் தினமும் காதால் கேளுங்கள். மேலே சொன்ன திறன் வேலைக்கு என்4, அல்லது ஜே.எஃப்.டி.-பேசிக் என்ற கணினித் தேர்வில் 250-க்கு 200, கூடவே தொழில் திறன் தேர்வு. இவ்வளவும் தேறினாலும் வேலை தருவது கம்பெனிதான், சர்டிபிகேட் இல்லை.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் தெருவில் ஒரு அண்ணன் “ஜப்பான் வேலை நிச்சயம்” என்ற பேச்சை நம்பி ஒரு ஏஜெண்டிடம் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஆறு மாதம் ஆகியும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த 46 எழுத்தும் சில வணக்கங்களும்தான்! எந்தத் தேர்வு, எத்தனை மார்க், எது இலவசம் என்று நமக்கே தெரிந்திருந்தால் யார் நம்மை ஏமாற்ற முடியும்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் கட்டும் முன் பாருங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நண்பர்களே! வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த நமக்கு வழி சொல்ல ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாசல் திறந்துதான் கிடக்கிறது, அதற்கான சாவி நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இன்றைக்கே ஐந்து எழுத்து எழுதிப் பாருங்கள். “கன்பாட்டே!” அதாவது, விடாமல் முயற்சி செய்!