ஊர் தாண்டும் குறிப்பு

வேலியோரங்களில் படரும் செடி கொடிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதிவைப்பது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. நான் தாவர இயல் கற்றவன் அல்லன். கண்ணில் பட்டதைக் கையில் அகப்பட்ட தாளில் எழுதுகிறவன். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் குறிப்புகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கினேன். படிப்பவர் சிலரே, அவர்களும் பெரும்பாலும் தெரிந்தவர்கள். அவர்களுள் ஒருவர், "குறிப்பின் அடியில் பிறருக்கு அனுப்ப ஒரு பொத்தான் வையுங்கள், வேண்டியவர் தம் மொழியில் மாற்றிப் படிக்கவும் ஒரு வசதி செய்யுங்கள்" என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். இரண்டையும் அமைக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அவற்றுக்குத் தக்கபடி எழுதக் கற்றுக்கொள்வதுதான் இன்னும் முடிந்தபாடில்லை.

கண்வலிக் கிழங்கைப் பற்றி நான் எழுதிய குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். செங்காந்தள் என்று இலக்கியம் போற்றுவதும், தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் இந்தக் கொடியின் பூவே. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர் வரிசையில் முதலில் நிற்பது காந்தள். அழகு அவ்வளவு, நஞ்சும் அவ்வளவு. கொடியின் எல்லா உறுப்புகளிலும் கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கைத் தின்று உயிர் நீத்தவர்கள் உண்டு. பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்று கிராமத்தார் சொல்வார்கள். அதனால் வந்தது கண்வலிக் கிழங்கு என்ற பெயர்.

புதிய வசதியைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில் ஒரு மாலை அந்தக் குறிப்பை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். பிறகு அந்த ஆங்கிலத்தையே மீண்டும் தமிழாக்கினேன். "கண் வலிக்கு உரிய கிழங்கு" என்று வந்து நின்றது! தலைவலி மருந்து என்றால் தலைவலியைப் போக்கும் மருந்து. அப்படியானால் கண் வலிக்கு உரிய கிழங்கு என்பதைப் படிக்கும் அயல்மொழிக்காரர் என்ன நினைப்பார்? அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

பொறியைக் குறை கூறுவதற்கு முன் அது வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1954 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு கணினி, அறுபதுக்கு மேற்பட்ட ருஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டியது. அதற்குக் கற்பித்திருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளுமே. அகராதியும் இலக்கணமும் கொடுத்துவிட்டால் மொழிபெயர்ப்பு கைகூடிவிடும் என்று அன்று எண்ணினார்கள். கைகூடவில்லை. 1966-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று அந்த நம்பிக்கைக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. பின்னர் வந்த பொறிகள் வேறு வழியில் சென்றன. இரு மொழிகளிலும் அமைந்த வாக்கியங்களை இலட்சக்கணக்கில் திரட்டி, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடி வருகிறது என்று கணக்கிட்டன. 2006-இல் கூகிள் தொடங்கிய மொழிபெயர்ப்புச் சேவை அத்தகையது. தமிழ் அதில் 2011-இல் சேர்ந்தது. 2016 முதல் அவ்விடத்தை நரம்பு வலையமைப்பு என்னும் புதிய முறை பிடித்துக்கொண்டது. அது வாக்கியம் முழுவதையும் ஒருசேர நோக்குகிறது. அதனால் ஓட்டம் மிக நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதே ஆபத்தும் ஆகிறது. முன்பெல்லாம் பிழை உளறலாகத் தெரியும். இன்று பிழையும் ஒழுங்கான வாக்கியமாக உடுத்துக்கொண்டு வருகிறது.

ஆக, பொறிக்குப் பழக்கமே அறிவு. கண்வலிக் கிழங்கு என்ற தொடரை அது அதிகம் கண்டிராவிட்டால் கண், வலி, கிழங்கு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடும். கிழங்கு என்றதும் நமக்கு அடுப்பு நினைவுக்கு வருவதுபோல அதற்கும் உணவே முந்திக்கொள்ளும். இதே கொடிக்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர் உண்டு. கிழங்கு கலப்பைபோல் கவைத்திருப்பதே காரணம். உழவருக்கான ஏதோ காய்கறி என்று அயலார் மயங்க அது ஒன்றே போதும். பெயருக்கு வேண்டுவது அடையாளம், பொருள் அன்று.

இதை மிக நன்றாக உணர்ந்தவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாக இருந்த வான் ரீடு மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றித் தொகுத்த 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' என்ற பெருநூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர் தம் மொழியில் சொன்னது போர்த்துக்கீசியத்துக்கு மாறி, அங்கிருந்து இலத்தீனுக்குப் போயிற்று. எத்தனை கை மாறியிருக்கிறது, பாருங்கள்! ஆனால் செடியின் பெயரை மட்டும் அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. மலையாளத்தார் வழங்கிய பெயரையே தலைப்பாக்கினார்கள். படத்தின்மீது உள்நாட்டு எழுத்துகளிலும் அதைப் பொறித்தார்கள். நம் காந்தள் அந்நூலில் மேந்தோன்னி என்றே நிற்கிறது. உரை எவ்வளவு திரிந்திருந்தாலும், எந்தச் செடியைப் பற்றிய பேச்சு என்பதில் இன்றும் ஐயம் எழுவதில்லை. 1753-இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் வகுத்தபோது இந்த நூலையும் பயன்படுத்திக்கொண்டார். குளோரியோசா சூப்பர்பா என்று இதற்கு அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது.

அந்த வழியைத்தான் நானும் பின்பற்றினேன். ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப் பெயரை அடுத்து இலத்தீன் பெயரை உரோமன் எழுத்தில் எழுதினேன். கணினி எழுத்தமைப்பில் "இச்சொல்லை மொழிபெயர்க்காதே" என்று குறிக்க ஓர் அடையாளம் உண்டு; அதை இரு பெயர்களுக்கும் இட்டேன். பொறிகள் பெரும்பாலும் அதை மதிக்கின்றன.

பெயருக்கு அடுத்த தொல்லை எதிர்மறை. உண்ணும் கிழங்குக்கும் உண்ணாக் கிழங்குக்கும் இடையே எவ்வளவு தூரம்? தமிழில் ஓர் எழுத்துத் தூரம். ஆங்கிலத்தைப்போல் தனிச்சொல்லாக நில்லாமல், மறுப்பு வினைக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. "உண்ணற்க" என்று நான் பெருமிதத்தோடு எழுதியிருந்த இடத்தைப் பொறி ஒருமுறை எப்படி மாற்றியது என்பதைச் சொல்ல எனக்கே கூச்சம். இப்போது "இது நஞ்சு. இந்தக் கிழங்கைத் தின்றால் உயிர் போகும்" என்று எழுதுகிறேன். எழுவாயை மறைப்பதில்லை. நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டுகிறேன். நடையழகில் சிறிது குறைவுதான். அந்த இழப்பை மனமார ஏற்றுக்கொண்டேன்.

இனி, அனுப்பும் பொத்தானைப் பார்ப்போம். ஒருவர் குறிப்பை மற்றவருக்கு அனுப்பும்போது குறிப்பு முழுவதும் கண்ணெதிரே போய் நிற்பதில்லை. தலைப்பு, ஒரு படம், இரண்டொரு வரி ஆகியவை அடங்கிய சிறு அட்டைதான் போய்ச் சேர்கிறது. அந்த அட்டையில் எதைக் காட்டுவது என்பதை எழுதியவரே குறித்துவைக்கலாம். 2010-இல் ஃபேஸ்புக் வகுத்த முறை இன்று பரவலாக வழங்குகிறது. குறிக்காமல் விட்டால், வாங்குகிற செயலி தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்ளும். என் குறிப்பிலோ பழைய வைத்திய நூல்களின் வழக்கப்படி எச்சரிக்கை கடைசியில் இருந்தது! தீப்போல் சிவந்த பூவின் படமும் கண்வலிக் கிழங்கு என்ற தலைப்பும் ஊர் சுற்றின. நஞ்சு என்ற சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது அது முதல் வரிக்கு வந்துவிட்டது.

ஆயினும் அந்தப் பொத்தானை நான் எடுத்துவிடவில்லை. அது அனுப்புவது முகவரியை, சொற்களை அன்று. நான் பிழை திருத்தினால், பழைய முகவரியில் வருகிறவரும் திருத்தியதையே படிப்பார். உரையை வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களால்தான் தொல்லை. எழுதியவன் பெயர் போனால் போகட்டும். திருத்தம் போய்ச் சேர வழியில்லையே! இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி 2018-இல் அந்நிறுவனம் வரம்பு கட்டியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020-இல் இறுக்கியது. வரம்பு வேகத்தைக் குறைக்கும். மெய் பொய் பார்க்காது.

பொத்தானிலும் வகை உண்டு. நிறுவனங்கள் தரும் ஆயத்தப் பொத்தானை அப்படியே பதித்தால், வாசகர் அதைத் தொடாவிட்டாலும் அவர் வந்துபோன செய்தி அந்நிறுவனத்துக்கு எட்டக்கூடும். அத்தகைய பொத்தானைப் பதித்தவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்புக் கூறியது. தொட்டால் மட்டும் வேலை செய்யும் வெறும் இணைப்பே எனக்குப் போதுமாயிற்று.

பழைய குறிப்புகள் சிலவற்றை நான் தனி எழுத்துரு ஒன்றில் தட்டச்சிட்டிருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கோடும் புள்ளியுமாகத் தெரியும். மொழிபெயர்க்கும் பொறிக்கும் ஒன்றும் விளங்காது. யூனிகோட் என்ற பொதுக் குறிமுறையில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றுவிட்டது. அதற்கு மாற்றி எழுதியதில் ஒரு கோடை விடுமுறை கழிந்தது. எழுத்தைப் படமாக அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

திருத்தி எழுதிய குறிப்பைச் சிங்களத்துக்கு மாற்றி, இரு மொழியும் அறிந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அங்கே தமிழர் இந்தப் பூவைக் கார்த்திகைப் பூ என்பார்கள். நஞ்சு என்ற செய்தி தெளிவாக வந்திருக்கிறது என்று எழுதினார் அவர். வருணனைப் பகுதி அரைகுறையாக இருந்ததாம். என்ன கொடி என்று ஒரு கணம் திகைத்து, இலத்தீன் பெயரைப் பார்த்த பிறகே தெளிந்தாராம். சிங்களவர் அதை நியங்கலா என்று வழங்குவார்கள் என்றும் தெரிவித்திருந்தார். அந்தப் பெயரையும் அன்றே குறிப்பின் தலைப்பில் சேர்த்துவிட்டேன்.