அடிமண் மாதிரி எடுக்கும் கருவிகள்

மாரி ஓய்ந்ததும் உவர் வயலின் மேல்மண்ணில் ஒரு பிடி அள்ளி ஆய்வுக்கு அனுப்பும் கமக்காரர், "உப்புக் குறைவு" என்னும் விடையைப் பெற்று விதைத்து, நாற்றின் நுனி கருகிய பின்னர் திகைப்பதுண்டு. விடையிற் பிழையில்லை, மாதிரியிலேயே பிழை. மழை உப்பைக் கீழே இறக்குகின்றது. கோடை வெயில் அதனை நுண்துளைகளின் வழியே மீண்டும் மேலே இழுக்கின்றது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிக் கிழக்குக் கரையோர வயல்களுட் புகுந்தபோது காலபோகப் பயிர் வயலில் நின்றது. அத்தகைய நிலத்தில் மேல் 6 அங்குலம், அடுத்த 6 அங்குலம், அதன் கீழ் 12 அங்குலம் என மூன்று படைகளையும் வெவ்வேறாக எடுத்தாலன்றி உப்பு இருக்குமிடம் புலப்படாது.

இதற்கு எக்கருவி ஏற்றது? மண்வெட்டியும் அலவாங்கும் எவ்வீட்டிலும் உண்டு. இரண்டு அடிக் குழி வெட்டி, அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் செதுக்கி, கீழ்ப் படையிலிருந்து மேல்நோக்கி மண்ணைச் சுரண்டி எடுத்தல் வேண்டும். மேலிருந்து தொடங்கின் உதிரும் மண் கீழ்ப் படையைக் கெடுத்துவிடும். வேலை மெதுவானதே, எனினும் படைகளைக் கண்ணாற் காண்பதற்கு இதனிலும் சிறந்த வழியில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் சுண்ணாம்புக்கல் அண்மையிலேயே தட்டுப்படுமாதலால், அங்கு துளைகருவிகள் முறுகி நிற்க, மண்வெட்டியே கைகொடுக்கும்.

திருகாணி வடிவான துளைப்பான் விரைவாக இறங்கும். ஆனால் அதன் புரிகளில் மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்தே வரும். உலர்ந்த மணல் நில்லாது சொரிந்துவிடும். உப்பின் ஆழத்தை அறிய விரும்புவோர் இதனை நாடாதிருத்தல் நன்று.

அலகுகள் வளைந்து கூடுபோல் அமைந்த வாளித் துளைப்பானே பெரும்பாலான வயல்களுக்கு உகந்தது. களிக்கு ஒடுங்கிய அலகும் மணலுக்கு அகன்ற அலகும் வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்ததும் கூட்டின் மேற்புறத்து ஓர் அங்குல மண்ணைத் தள்ளிவிடல் வேண்டும். அது துளையின் சுவரிலிருந்து உதிர்ந்தது.

பக்கம் பிளந்த குழாய்க் கருவி ஈரப்பதமான, கல்லற்ற மண்ணில் அழகிய மண்தூணைத் தரும். சேற்றிலோ மண் நெருக்குண்டு தூண் குறுகும். ஆகவே துளையின் ஆழத்தையும் தூணின் நீளத்தையும் அளந்து ஒப்பிடுக. எண்ணெய் சிந்திய இடத்திற்கு இக்குழாயே தக்கது. கிளறினால் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகிவிடும். எடுத்த மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் வெற்றிடமின்றி நிரப்பி உடனே மூடுதல் வேண்டும்.

துத்தநாகத்தைச் சோதிப்பதாயின் நாகமுலாமிட்ட வாளியும், செம்பைச் சோதிப்பதாயின் பித்தளைக் கருவியும் ஆகா. துருவேறா உருக்கும் பிளாத்திக்கு வாளியும் போதும். பழைய உரப்பையில் மாதிரியை இடுவது, கேட்ட கேள்விக்கு உரமே விடை கூறும்படி செய்வதாகும். நல்ல திட்டில் தொடங்கிக் கெட்ட திட்டில் முடிக்க; இடையிடையே கருவியைக் கழுவித் துடைக்க. உவர்க் கிணற்று நீராற் கழுவிப் பயனில்லை, மழைநீர் நன்று.

சாதாரண உரச் சோதனைக்குப் பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலப்பது முறை. மாசுற்ற நிலத்தில் நல்ல திட்டையும் கெட்ட திட்டையும் ஒன்றாகக் கலந்தால் கேடு மறைந்துபோகும். ஒரே திட்டினுள் ஒரே ஆழத்து மண்ணை மாத்திரம் கலந்து அரைக் கிலோ அனுப்புக. நிறைவுற்ற மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 தெசிசீமனைக் கடந்தால் நெல் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய்க்கு அவ்வெல்லை 1.5, வெங்காயத்திற்கு 1.2. ஆகவே நெல் விளையும் வயலில் வெங்காயமும் விளையும் எனக் கொள்ளற்க.

மாதிரி எடுத்த துளையைத் திறந்து விடலாகாது. நஞ்சோ எண்ணெயோ சிந்திய நிலத்தில் அது மழைநீரோடு மாசைக் கிணற்று நீருக்கு இறக்கும் வழியாகிவிடும். தூய களிமண்ணைச் சிறிது சிறிதாக இட்டு, தடியால் இடித்து அடைத்த பின்னரே அவ்விடத்தை விட்டு அகலுக.