ஓடும் வண்டி ஏன் நிற்கிறது?

வெளியூர் நிக்காஹ் ஒன்றிற்குக் குடும்பத்தோடு புறப்பட்டிருக்கிறீர்கள். பின் இருக்கையில் தாயாரும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். பழைய அம்பாசிடரோ மாருதி 800ஓ, இதுவரை குறை சொல்ல முடியாத வண்டி. நண்பகல் வெயிலில், நெடுஞ்சாலையின் நடுவில், திடீரென்று எஞ்சின் அடங்கிவிடுகிறது. பின்னால் லாரியின் ஹாரன் அலறுகிறது. எப்படியோ ஓரங்கட்டி, அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் வண்டி கிளம்புகிறது!

மறுநாள் பட்டறையிலும் அது ஒழுங்காகவே ஓடுகிறது. பிளக்கை மாற்றுகிறார்கள், அடுத்த வாரம் காயிலை மாற்றுகிறார்கள், பிறகு கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். பணம் கரைகிறதே தவிர நோய் தீரவில்லை. இவ்விரு வண்டிகளின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் இன்றும் அவற்றைப் பேணி வரும் குடும்பங்கள் உண்டு. அத்தகையோருக்காகவே இக்கட்டுரை.

முதலில் உயிர், பிறகு வண்டி

எஞ்சின் நின்றுவிட்டால் பதற்றம் கூடாது. வேக்குவம் உதவியுடன் இயங்கும் பிரேக்கில், எஞ்சின் நின்ற பிறகும் ஓரிரு முறை அழுத்துவதற்கான உதவி எஞ்சியிருக்கும். ஆகவே பெடலை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள். அதன் பின் பெடல் கடினமாகும். பலமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். வண்டி நகர்ந்து கொண்டிருக்கும்போது சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். இடப்புறம் ஒதுங்கியதும், பயணிகளை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கிச் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்யுங்கள்.

நின்ற விதத்தைக் கவனியுங்கள்

எஞ்சின் ஓடப் பெட்ரோல், காற்று, உரிய நேரத்தில் தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். எது தவறியது என்பதை வண்டி நின்ற விதமே பெரும்பாலும் சொல்லிவிடும். சாவியை அணைத்தாற்போல் சட்டென்று நின்றதா? மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். முக்கி முனகி, இழுவை குறைந்து, குலுங்கி நின்றதா? பெட்ரோலைச் சந்தேகியுங்கள்.

நின்றதும் சாவியை ஆன் நிலையிலேயே வைத்து, டாஷ்போர்டைப் பாருங்கள். ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பேட்டரி முனை, எர்த் கம்பி, இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றில் எங்கோ தளர்ச்சி இருக்கலாம். கார்ச் சாவியோடு வீட்டுச் சாவிகளையெல்லாம் கொத்தாகத் தொங்கவிடுவதும் சுவிட்சைத் தேய்த்துவிடும்.

சூட்டில் நின்று ஆறியதும் கிளம்பினால், முக்கியச் சந்தேகங்கள் இரண்டு. ஒன்று, வேப்பர் லாக். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப்பு அதை இழுக்க முடியாமல் போவதே இது. பெட்ரோல் பம்ப்பின் மீது ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடங்களில் வண்டி கிளம்பினால், காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். குழாயைச் சைலன்ஸர் சூட்டிலிருந்து விலக்கிப் பொருத்துவதே இதற்குப் பரிகாரம்.

மற்றொன்று, இக்னிஷன் காயில் அல்லது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சர். இவை சூடேறினால் செயலிழந்து, ஆறியதும் உயிர் பெறுவதுண்டு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆறிய காயிலைச் சோதித்தால் நல்லதென்றே காட்டும். வண்டி நின்ற அந்த நிமிடத்தில், சூடாக இருக்கும்போதே தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவியருகே தீப்பொறி ஆபத்தாகும் என்பதால், இதை அனுபவமுள்ள மெக்கானிக்கே செய்யட்டும்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகமாக ஓடிய பிறகே நிற்கிறதென்றால், ஃபில்டர் அடைப்பையும் டேங்கில் படிந்த துருவையும் பாருங்கள். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படுகிறதா? அதன்பின் வண்டி நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் டேங்கிற்குள் காற்று புகும் வழி அடைபட்டிருக்கிறது. சிறு துளை ஒன்றைச் சுத்தம் செய்வதோடு பெருஞ்செலவு மிச்சமாகலாம். சிக்னலில் மட்டும் நின்றால் ஐடிலிங் ஜெட்டையும், வேக்குவம் குழாய்களில் விரிசலையும் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிகளில், டேங்கிலுள்ள மின்சாரப் பம்ப்பு, அதன் ரிலே, கிராங்க் சென்சார் ஆகியவை இவ்வாறு சூட்டில் தவறுவதுண்டு. ஸ்கேனர் கருவியில் பிழைக் குறி எதுவும் காணப்படாவிட்டாலும், இவற்றை ஐயத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு அறிமுகமாகிப் பின்னர் எங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் சவ்வையும் கெடுக்கக்கூடும். அவற்றைச் சோதித்து, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வது நல்லது. ரப்பர் குழாயில் கசிவு கண்டால், அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

ஒரு குறிப்பேடு போதும்

வண்டியில் ஒரு சிறு குறிப்பேட்டை வையுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நாள், ஓடிய தூரம், டேங்கில் இருந்த பெட்ரோல், வெயிலா மழையா, எப்படி நின்றது, எத்தனை நிமிடத்தில் கிளம்பியது என்று எழுதி வாருங்கள். மூன்று நான்கு குறிப்புகள் சேர்ந்தாலே ஒற்றுமை ஒன்று புலப்படத் தொடங்கும். அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் குணமானது என்பது தெரியாமலே போய்விடும்.

காரணம் தெரியும் வரை, அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் செல்லாதீர்கள். பேருந்தில் சென்றால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டார் பத்திரமாக ஊர் வந்து சேர்வதே முக்கியம்.