முறையீடும் செபமே

துன்பம் வந்துற்ற வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "எல்லாம் ஆண்டவர் சித்தம்." நல்ல சொல்தான். ஆயினும், வாய் இதனைச் சொல்லும்போதே உள்ளம் கொதித்துக் கொண்டிருப்பதும் உண்டு. வேலை பறிபோன தந்தையும், உண்மையைச் சொன்னதற்காக உறவினரால் ஒதுக்கப்பட்ட மகளும், இறைவனிடம் குறை கூறினால் பாவமாகுமோ என்றஞ்சி, மாலைச் செபத்தில் மனப்பாடமான வரிகளை மட்டும் சொல்லி எழுந்து விடுகின்றனர். நாளடைவில் செபமே வறண்டு போகின்றது. மனத்தாங்கலைக் கடவுளிடம் மறைப்பதுதான் விசுவாசமா? இவ்வினாவுக்கு விடை காண, இறைவாக்கினர் எரேமியாவின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

எருசலேமுக்கு அருகே, அனத்தோத்து என்னும் ஊரில், குருகுலத்தில் பிறந்தவர் அவர். கி.மு. 627-ஆம் ஆண்டளவில், இளமையிலேயே இறைவனின் அழைப்பைப் பெற்றார். தமக்குப் பேசத் தெரியாதென்று தயங்கியவருக்கு, உடனிருந்து காப்பதாக ஆண்டவர் வாக்களித்தார். அன்று தொடங்கி ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் கண்டது பெரும்பாலும் எதிர்ப்பே. சொந்த ஊராரே அவரைக் கொல்லச் சூழ்ச்சி செய்தனர். ஆலய அதிகாரியாகிய பஸ்கூர் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டி வைத்தான். அவர் சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச்சுருளை, அரசன் யோயாக்கிம் கத்தியால் அறுத்தறுத்துக் கணப்பு நெருப்பில் எறிந்தான்.

தொழுமரத்தினின்று விடுபட்ட எரேமியா என்ன செய்தார்? தம்மை ஆண்டவரே ஏமாற்றிவிட்டதாக ஆண்டவரிடமே முறையிட்டார். நாள் முழுவதும் தாம் நகைப்புக்கு இடமானதாக அழுதார். இனி இறைவாக்குரைப்பதில்லை என்று எண்ணியபோதோ, அவ்வாக்கு எலும்புகளுக்குள் அடைபட்ட தீயாக எரிவதை உணர்ந்தார். அடுத்து அவரது நாவில் இறைபுகழ் எழுகிறது. அத்துடன் முடிந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால், புகழ்ந்த அதே வாய் மறுகணமே தாம் பிறந்த நாளைச் சபிக்கின்றது! இவ்வரிகளைத் திருச்சபை மறைக்கவில்லை. எரேமியா நூலின் 20-ஆம் அதிகாரத்தில், இறைவார்த்தையாகவே போற்றிக் காத்து வருகின்றது.

அன்பர்களே, இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எரேமியா கடவுளைப் பற்றிப் பிறரிடம் புறங்கூறித் திரியவில்லை, கடவுளிடமே பேசினார். முகத்தைத் திருப்பிக் கொண்டவன் முறையிட மாட்டான். கேட்பவர் ஒருவர் உண்டென்று நம்புகிறவனே முறையிடுகிறான். பிள்ளை தாயிடம் அழுவது தாயை நம்பாததாலா?

ஆண்டவரும் அவருக்கு இனிப்பான ஆறுதலை மட்டும் கொடுத்துவிடவில்லை. மனிதரோடு ஓடியே களைத்தவன் குதிரைகளோடு எவ்வாறு போட்டியிடுவான் என்று ஒருமுறை வினவினார். திரும்பி வந்து தகுதியானதைப் பேசும்படி மற்றொருமுறை பணித்தார். துன்பத்தின் காரணத்தை விளக்கவில்லை. உடனிருப்பேன் என்ற பழைய வாக்கையே புதுப்பித்தார். எரிந்த சுருளுக்குப் பதிலாக வேறொன்று எழுதச் சொன்னார். முன்னதைவிட அதிகமான சொற்களோடு அது உருவாயிற்று.

பின்னர், பகைவர் எரேமியாவைச் சேறு நிறைந்த பாழ்ங்கிணற்றில் இறக்கியபோதும் துணை வந்தது. அரண்மனை ஊழியரான எபேது மெலேக்கு என்னும் எத்தியோப்பியர், கயிறு உடலை உறுத்தாதபடி அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தல் துணிகளையும் சேர்த்து இறக்கி, அவரைத் தூக்கி எடுத்தார். இறைவனின் பரிவு சில வேளைகளில் கந்தல் துணியின் உருவிலும் வரும்.

நம்பிக்கையின் மற்றொரு பக்கம் 32-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தனர். எரேமியாவோ காவலில் இருந்தார். விரைவில் பகைவர் கைக்குப் போகவிருந்த நாட்டில், ஆண்டவர் சொற்படி, அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். அதன் பிறகே, இது எவ்வாறு பொருந்தும் என்ற தம் கலக்கத்தைச் செபத்தில் வெளியிட்டார். கீழ்ப்படிதலும் கேள்வியும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. கி.மு. 587-ஆம் ஆண்டளவில் நகர் வீழ்ந்தது. எரேமியா எகிப்துக்குக் கொண்டு போகப்பட்டார். அடிமைப்பட்ட மக்கள் கி.மு. 538-க்குப் பின் நாடு திரும்பியபோதுதான் அந்தப் பத்திரத்தின் பொருள் விளங்கிற்று.

நம் ஆண்டவர் இயேசுவும் சிலுவையிலே கைவிடப்பட்டோரின் திருப்பாடலைத் தம் செபமாக்கினார். தம் ஆவியைத் தந்தையின் கையில் ஒப்படைத்ததும் அதே சிலுவையில்தான்.

ஆகவே, இன்றிரவு குடும்பச் செபத்தில் செபமாலை முடிந்ததும் சற்றே மௌனமாயிருங்கள். மனத்தை அழுத்துவதை உள்ளபடியே அவரிடம் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், நாளைய கடமை எதுவோ, அந்தச் சிறு நிலத்தை வாங்கத் துணியுங்கள்.